கயிறு கட்டாத ஆடுகள்

கடலில் விட்ட கரைவலையைக் கரையில் நின்று இழுக்கும்போது நான் எப்போதும் கயிற்றின் கடைசியில்தான் நிற்பேன். அங்கே நின்றால் முன்னால் நிற்பவனின் முதுகைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம். யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசவேண்டிய அவசியமில்லை. அப்படிப்பட்ட நான் ஒருநாள் ஓலைத்தொடுவாய்ச் சனம் முழுவதும் கூடி நிற்க, படித்த டாக்குத்தர் ஒருவரின் பேச்சுக்குக் குறுக்கே பேசினேன். என் அக்காவின் ஆடுகளுக்காகத்தான் பேசினேன். இதை எழுதும்போதும் உள்ளங்கை வேர்க்கிறது. சிரிப்பும் வருகிறது.

அத்தான் காய்ச்சலில் செத்தபிறகு அக்காவின் சீவியம் ஆடுகளோடுதான் நடந்தது. காலையில் பால் கறந்து நாலைந்து வீடுகளுக்குக் கொடுப்பாள். திருநாள் வரும்போது குட்டி ஒன்றை விற்பாள். அந்த வருடம் மாரி பலமாகப் பெய்தது. பள்ளங்களில் எல்லாம் புல் முளைத்துத் தண்ணீரோடு நின்றது. மழை வெளித்துச் சில நாட்களில் ஆடுகள் சோர்ந்து படுக்கத் தொடங்கின. தாடைக்குக் கீழே தண்ணீர் கட்டியதுபோல வீங்கும். தீனை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். பிறகு ஒரு காலையில் எழும்பாது. அக்காவின் பட்டியில் இரண்டு அப்படிப் போயின. ஊரில் எந்த வீட்டிலும் ஆட்டுப்பேச்சுத்தான்.

மன்னாரிலிருந்து மிருக டாக்குத்தர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பெடியன். மீசை அப்போதுதான் ஒழுங்காக முளைத்திருந்தது. சைக்கிளில் மணலுக்குள் மிதித்து மிதித்து, வேர்த்து ஒழுக வந்து சேர்ந்தார். பின்னால் கட்டியிருந்த பெட்டிக்குள் போத்தல்கள். போத்தல்களுக்குள் நீலத் தண்ணீர். மயில்துத்தம் கரைத்தது என்றார்.

"வயித்துப் பூச்சிதான் இரத்தத்தை உறிஞ்சுது. இந்த மருந்து பூச்சியைக் கொல்லுமெண்டு நினைக்கிறம். ஆனா எல்லா ஆட்டுக்கும் குடுக்கேலாது. வீட்டுக்கு ஒண்டு ரெண்டை மருந்தில்லாமச் சும்மா விடவேணும்."

அக்கா முன்னுக்கு வந்தாள்.

"சும்மா விடுறதோ? மருந்தைக் கையில வைச்சுக்கொண்டு சாகவிடுறதோ ஐயா?"

"அப்பிடியில்லை அம்மா. எல்லாத்துக்கும் குடுத்து, எல்லாம் பிழைச்சுதெண்டு வையுங்கோ. மருந்தால பிழைச்சுதோ, மழை விட்டு வெயில் எறிச்சதால பிழைச்சுதோ எண்டு எப்பிடித் தெரியும்?"

"பிழைச்சாப் போதும்தானே. எதால பிழைச்சதெண்டு ஆடு கேக்கப்போகுதோ?"

சனம் சிரித்தது. டாக்குத்தரும் சிரித்தார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. இது நஞ்சு, அளவு கூடினால் ஆட்டையே கொன்றுவிடும், பிரயோசனம் உண்டு என்று காட்டினால்தான் அரசாங்கக் கந்தோரிலிருந்து இதைத் தொடர்ந்து அனுப்புவார்கள், இல்லாவிட்டால் கொண்டுவந்த போத்தல்களோடு கதை முடிந்தது என்று பொறுமையாக விளக்கினார். மருந்து குடித்தவற்றின் கழுத்தில் பழைய வலைக் கயிற்றில் ஒரு துண்டு கட்டவேண்டும். குடிக்காதவற்றுக்குக் கயிறு இல்லை. இரண்டையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் மருந்து என்ன செய்தது என்பது கண்ணுக்குத் தெரியும்.

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தலைக்குள் யாரோ கதவைத் திறந்ததுபோல இருந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அங்கே இதை யாரும் சொல்லித்தந்ததில்லை. ஒன்றும் செய்யாமல் விட்ட ஆடுதான் மருந்தைப் பற்றிச் சாட்சி சொல்லப்போகிறது! எவ்வளவு எளிமையான விஷயம். இது ஏன் இவ்வளவு காலமும் எனக்குத் தோன்றவில்லை?

"ஆடு வளர்க்காத ஆள் ஆரும் இருக்கிறீங்களோ? பக்கம் சாயாமப் பார்க்கிறதுக்கு ஒராள் வேணும்" என்று டாக்குத்தர் கேட்டார்.

ஊரில் ஆடில்லாத வீடு என்னுடையதுதான். நான் குனிவதற்குள் பல கைகள் என்னை முன்னுக்குத் தள்ளிவிட்டன.

"இவன் பேசமாட்டான் ஐயா. ஆட்டோட வேலைக்குச் சரியான ஆள்" என்றது ஒரு குரல்.

டாக்குத்தர் ஆட்டின் வாயை எப்படித் திறப்பது, போத்தல் கழுத்தை எந்தப் பக்கத்தால் விடுவது, எவ்வளவோடு நிறுத்துவது எல்லாம் காட்டித்தந்தார். கண்ணிமையின் உட்புறத்தைப் பிரித்துப் பார்க்கவும் பழக்கினார். சிவந்திருந்தால் சுகம். வெளுத்திருந்தால் பூச்சி இரத்தத்தைக் குடித்திருக்கிறது. மாரி முடிவதற்குள் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்தநாள் வீடு வீடாகப் போனேன். முதலில் அக்கா வீடு.

"எதை விடப்போறாய்?" என்றாள், வாசலை மறித்துக்கொண்டு.

"நீயே சொல்லு அக்கா. எதெண்டாலும் சரி."

அவள் பட்டியைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பால் தரும் வெள்ளாட்டில் கண் போய் நின்றது, உடனே விலகியது. கடைசியில் வீட்டு மூலையில் தனியாகக் கட்டியிருந்த கிடாக்குட்டியைக் காட்டினாள். அதன் காதில் ஒரு சின்ன வெட்டு இருந்தது.

"இது கோயிலுக்கு நேர்ந்தது. இதுக்கு உன்ட நீலத்தண்ணி தேவையில்லை. இதைக் கோயில் பாத்துக்கொள்ளும்."

எனக்கும் நிம்மதியாக இருந்தது. கயிறு கட்டாமல் விட்டேன்.

பக்கத்துக் குடியிருப்பில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர் பெரிய பட்டி வைத்திருந்தார். என்னோடு நல்ல சிநேகம். அவரும் பச்சைத் துணி நாடா கட்டிய ஒரு கிடாவைக் காட்டினார்.

"இது பள்ளிவாசல் கந்தூரிச் சாப்பாட்டுக்கு நேர்ந்தது தம்பி. நேர்ந்த சாமானில குறை வரப்படாது. இதுட வாய்க்குள்ள உந்த மருந்தை விடாதீங்க. மற்றதுகளுக்கு ஊத்துங்க, கேட்டா எனக்கும் கொஞ்சம் ஊத்துங்க, ரெண்டு நாளா வயிறு சரியில்லை."

இப்படித்தான் எல்லா வீட்டிலும் நடந்தது. யாரும் சண்டை பிடிக்கவில்லை. விடவேண்டிய ஆட்டைத் தாங்களே காட்டினார்கள். வேலை இவ்வளவு சுலபமாக முடிந்ததில் எனக்கு ஒரே புளுகம், கால் நிலத்தில் பாவவில்லை. இடுப்பில் கட்டிய சாரம் முழுக்க நீலமாக வீட்டுக்கு வந்தேன்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. எதைக் கண்டாலும் பாதியைச் சும்மா விட்டுப் பார்க்க மனம் துடித்தது. மீன் கழுவிய தண்ணீரைக் கத்தரிப்பாத்தியில் பாதிக்கு ஊற்றி, மற்றப் பாதிக்கு நல்ல தண்ணீர் ஊற்றினேன். என் மனுசி பிள்ளைகளிடம், "கொப்பர் கத்தரிக்குக் கூட ஓரவஞ்சனை செய்யிறார்" என்றாள். காற்று விழுந்தால் தோணியில் விசிலடித்துக் காற்றைக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். ஒருநாள் கூப்பிடாமல் இருந்து பார்ப்போம் என்று மெதுவாகச் சொன்னேன். தோணிக்காரர் துடுப்பால் அடிக்க வந்தார். ஆனால் காற்று, யாரும் கூப்பிடாமலே, தன்பாட்டில் வந்தது. நான் பாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சிரித்தேன்.

ஆனால் ஆடுகள் என் சிரிப்பை நிறுத்திவிட்டன. கயிறு கட்டியவற்றில் சில செத்தன. பல மெலிந்து, பிறகு மெல்ல மெல்ல எழும்பின. கயிறு கட்டாதவையோ ஒன்றுகூடச் சாகவில்லை. மினுங்கிக்கொண்டு நின்றன. போகிற வருகிற ஆட்கள் என்னைப் பார்த்துக் கேட்கத் தொடங்கினார்கள்: "என்ன தம்பி, மருந்து குடுத்தோ கொல்லுறாய்?"

டாக்குத்தர் வந்த நாளில் எல்லா ஆடுகளையும் ஊர் மடத்துக்கு முன்னால் கொண்டுவரச் சொன்னார். ஒரு பக்கம் கயிறு கட்டியவை. மறுபக்கம் கட்டாதவை. அவர் ஒவ்வொன்றாகக் கண்ணிமையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டு வந்தார். கயிற்றுப் பக்கம் வெளிறிய கண்களும் இருந்தன, தேறிய கண்களும் இருந்தன. கட்டாத பக்கம் எல்லாம் நல்ல சிவப்பு. டாக்குத்தரின் முகம் வாடியது.

"மருந்து உதவேல்லைப் போல கிடக்கு. குடுக்காததுகள் இதுகளை விட நல்லா நிக்குது. மிச்சப் போத்தலையும் நான் கொண்டுபோறன்."

"ஐயா!" அக்கா கிட்டத்தட்டக் கத்தினாள். "என்ட பட்டியில தாடை வீங்கிக் கிடந்ததுகள் எழும்பினது உந்த மருந்தாலதான். கண்ணால கண்டனான். நீங்கள் கொண்டுபோனா அடுத்த மழைக்கு எனக்கு ஒரு ஆடும் மிஞ்சாது."

"அம்மா, மருந்தில்லாமலே மற்றதுகள் நிக்குதே. அதுக்கு என்ன சொல்லுறீங்கள்?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சின்ன வயதில் கடற்கரையில் யாராவது என்னை அடிக்க வந்தால் முன்னுக்கு வந்து நிற்கிறவள் அவள். இப்போது அவளுக்காக நிற்க நான்தான் இருந்தேன். நானோ பார்வையைத் தாழ்த்தி, கயிறு கட்டாத ஆடுகளைப் பார்த்தபடி நின்றேன்.

முதலாவது ஆட்டின் காதில் வெட்டு. அடுத்ததிலும் வெட்டு. மூன்றாவதன் கழுத்தில் பச்சை நாடா. அதற்கடுத்ததில் வெட்டு. வெட்டு, நாடா, வெட்டு.

குனிந்திருந்த தலையை நிமிர்த்தினேன். கத்தரிப்பாத்தியில் நான் ஒரு பக்கம் வெயிலுக்கும் மறுபக்கம் நிழலுக்கும் விட்டிருந்தால் என்ன நடந்திருக்குமோ, அதுதான் இங்கே நடந்திருக்கிறது!

"ஐயா, அதெல்லாம் நேர்ச்சை ஆடு!"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. எல்லோரும் திரும்பினார்கள். ஆடுகள் கூடத் திரும்பியதாக ஞாபகம்.

"நேர்ச்சை ஆடெண்டா?" டாக்குத்தர் கேட்டார்.

"ஆட்டுக்கு வருத்தம் தொடங்கினவுடன வீட்டுக்கு வீடு நேர்ந்தவை ஐயா. பட்டியில ஆகத் திறமான குட்டியைத்தான் நேருறது."

"சரி, நேர்ந்தபிறகு?"

"நேர்ந்தபிறகு வெளியில விடுறேல்லை. வீட்டிலதான் கட்டி வைச்சு, பூவரசங்குழையும் கஞ்சியும் குடுக்கிறது."

"அப்ப பள்ளத்துப் புல்லு மேயிறேல்லையோ?"

"வாயே வைக்காது ஐயா."

டாக்குத்தர் தன் நெற்றியில் அடித்துக்கொண்டு, சைக்கிளில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"பூச்சி முழுக்க அந்த ஈரப்புல்லிலதான் இருக்கு! அந்தப் புல்லைத் தின்னாத ஆட்டையும் தின்ற ஆட்டையும் பக்கத்தில வைச்சுப் பாத்திருக்கிறம். இதில மருந்து நல்லதெண்டும் சொல்லேலாது, கூடாதெண்டும் சொல்லேலாது. எதை விடுறதெண்டதை உங்கட விருப்பத்துக்கு விட்டது என்ட பிழை."

நானா தன் கிடாவைத் தடவிக்கொண்டே, "அப்ப ஆரு விருப்பத்துக்கு விடுற? எண்ட விருப்பத்துக்கு விட்டா நான் தம்பிட அக்காட ஆட்டை விட்டிருப்பேன்" என்றார்.

"ஏன், உங்கட ஆடு என்ன அரபு நாட்டு ராசாவோ?" என்றாள் அக்கா. கோபத்தோடு டாக்குத்தரிடம் திரும்பினாள். "ஒருத்தற்ற விருப்பமும் வேண்டாம். பாட்டுக்குச் சீட்டுப் போடுறமாதிரி ஆட்டுக்கும் போட்டு முடியுங்கோ!"

அவள் எரிச்சலில்தான் சொன்னாள். கரைவலை இறக்கும் இடத்தைப் பாடு என்போம், கடற்கரையில் எல்லாப் பாடும் ஒன்றல்ல. மீன் ஒதுங்கும் இடம் ஒன்று, கல் கிழிக்கும் இடம் ஒன்று. அதனால் எந்த வலை எந்தப் பாட்டில் இறங்குவது என்பதை எங்கள் ஊரில் ஆளுக்கோ பணத்துக்கோ விடுவதில்லை. சீட்டு எடுப்பார்கள். விழுந்தது விழுந்ததுதான். அதற்குப்பிறகு அண்ணன் தம்பிகூடப் பேசக்கூடாது.

டாக்குத்தர் சைக்கிளை விட்டுத் துள்ளி நிமிர்ந்தார்.

"அதுதான்! அதேதான்! நாங்கள் படிச்ச இடத்திலயும் சீட்டுத்தான் போட்டம். இஞ்ச வந்து ஆட்டுக்குப் பின்னால ஓடினதில எனக்கே மறந்துபோச்சு."

நேர்ச்சை ஆடுகள் முழுவதையும் ஒதுக்கிவிட்டோம். மிச்சம் நின்றவை எல்லாம் ஒரே பள்ளத்தில் மேய்கிறவை. ஈரப்புல்லில் பூச்சி திரும்பவும் தொற்றியிருக்கும் என்று டாக்குத்தர் சொல்ல, அவற்றின் பழைய கயிறுகளை அவிழ்த்துவிட்டோம். ஒரு பனையோலைக் கடகத்துக்குள் கறுப்புச் சிப்பியும் வெள்ளைச் சிப்பியும் போட்டு, மேலே சாக்கால் மூடினோம். வெள்ளை விழுந்தால் மருந்தும் கயிறும். கறுப்பு விழுந்தால் சும்மா. ஆடில்லாதவன் என்பதால் கடகம் என் கையில். ஒவ்வொருவராக வந்து தங்கள் ஆட்டின் பேரில் கையை விட்டார்கள். வெள்ளை வந்தவர்கள் கூவினார்கள். கறுப்பு வந்தவர்களை மற்றவர்கள் பழித்தார்கள். திருநாள் மாதிரி இருந்தது.

அக்கா தன் வெள்ளாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவளுடைய பால் வருமானம் முழுவதும் அந்த ஒன்றில்தான். கையை விட்டாள். அது உள்ளே கொஞ்ச நேரம் நின்றது. விரல்கள் சிப்பியைத் தடவுவது எனக்குச் சாக்கின் மேலால் தெரிந்தது.

"தடவாதை அக்கா" என்றேன் மெதுவாக.

"நீ கடகத்தைப் பிடி."

வெளியே எடுத்தாள். கறுப்பு.

அவள் சிப்பியைப் பார்த்தாள், ஆட்டைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. அதைத் திரும்பக் கடகத்துக்குள் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்திருக்கலாம். அவள் நிலையை அறிந்த ஊர். யாரும் ஒரு சொல் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் அவள் கரைவலைக்காரனுக்குப் பிறந்தவள், கரைவலைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவள். சிப்பியை என் காலடியில் போட்டாள்.

"விழுந்தது விழுந்ததுதான்" என்றாள்.

டாக்குத்தர் அவளிடம் வந்தார். "அம்மா, கண் வெளிறித் தாடை வீங்கினா உடன மருந்தைக் குடுக்கச் சொல்லுங்கோ. ஒரு ஆட்டையும் சாகவிட்டுப் பாக்கச் சொல்லி நான் கேக்கேல்லை. வீங்கினதெண்டதே எனக்கு ஒரு பதில்தான்." மிச்சப் போத்தல்களை என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

மாரி இன்னும் முடியவில்லை. எல்லா ஆடுகளையும் ஒரே ஆள் ஒரே பள்ளத்துக்குச் சாய்த்துக்கொண்டு போனார். நான் விடியற்காலையில் பட்டி பட்டியாகப் போய்க் கண்ணிமைகளைப் பிரித்தேன். முதலில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஏமாற்றமாக இருந்தது. பிறகு கயிறு கட்டியவற்றின் கண்களில் சிவப்பு ஏறத் தொடங்கியது. கட்டாதவற்றின் கண்கள் வெளிறிக்கொண்டு வந்தன, கழுவிய கணவாய்ச் சதை மாதிரி. எனக்கு ஓடிப்போய் யாரிடமாவது சொல்லவேண்டும்போல இருந்தது. அதேநேரம் அக்கா வீட்டு வாசலுக்குப் போகக் கால் கூசியது. அவளுடைய வெள்ளாட்டின் கண்ணும் வெளிறிக்கொண்டுதான் வந்தது. மருந்து நல்லதென்று அது தன் உடம்பால் சொல்லிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து நான் எப்படிச் சந்தோசப்படுவது?

அக்கா நிமிடத்துக்கு ஒருதடவை அதன் தாடையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் வலை இழுத்துக்கொண்டிருந்தோம். மீன் சேர்ந்த வலையின் மடி கரைக்குக் கிட்ட வந்துவிட்டது. அப்போது கடற்கரை வழியாக அக்கா வருவது தெரிந்தது. ஆட்டைத் தோளில் போட்டிருந்தாள். மணலில் கால் புதையப் புதைய வந்தாள்.

"வீங்கிட்டுதடா!"

நான் கயிற்றை விட்டேன். மடி கரைக்கு வரும் நேரத்தில் கயிற்றை விடுவது எவ்வளவு பெரிய குற்றம் என்பது கரைவலை இழுத்தவர்களுக்குத்தான் தெரியும். பின்னால் ஏச்சும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"வழி விடுங்கோடா, டாக்குத்தர் துரை போறார்!"

வீட்டுக்கு ஓடிப் போத்தலை எடுத்துவந்தேன். அக்கா ஆட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அளவு பார்த்து, பக்கத்தால் மெல்ல விட்டேன். விழுங்கியது. இரண்டு பேரும் அதன் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் சாரத்திலிருந்து ஒரு துண்டைக் கிழித்து அதன் கழுத்தில் கட்டினேன், கயிறு எடுக்கவும் பொறுமை இல்லாமல். அடுத்த சில நாட்களும் அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு காலையில் ஒரு சிரட்டையில் கொஞ்சம் பால் வந்தது, என் மூத்த மகளின் கையில்.

"மாமி சொன்னவ, இது கத்தரிக்கு ஊத்துறதுக்கில்லையாம், குடிக்கவாம்."

டாக்குத்தர் திரும்பி வந்தபோது நான் பின்னால் ஒளியவில்லை. நானே அவருக்கு முன்னால் ஓடி ஓடி இமைகளைப் பிரித்துக் காட்டினேன். இந்தப் பக்கம் சிவப்பு ஐயா! இதைப் பாருங்கோ! அந்தப் பக்கம் வெள்ளை! இது கறுப்புச் சிப்பி, இதுக்குத் தாடை வீங்கி, பிறகு மருந்து குடுத்துத் தேறினது! எங்களூர்ச் சனம் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, ஆட்டைப் பார்க்கவில்லை. கடைசி ஆட்டின் இமையை விட்டுவிட்டு டாக்குத்தர் நிமிர்ந்தார். அவர் முகத்திலும் என்னுடையதைப் போலவே ஒரு பிள்ளைச் சிரிப்பு.

"மருந்து வரும். இனி எல்லா ஆட்டுக்கும் குடுங்கோ. இண்டைக்கே தொடங்குங்கோ."

சனம் ஒரேயடியாக நெருக்கியது. ஆடுகளும் ஆட்களும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. என் கையில் போத்தல். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

"ஆருக்கு முதல்ல எண்டதுக்குச் சீட்டுப் போடுவமா?" என்று நானா கேட்டார், கடகத்தைத் தேடிக்கொண்டு.

"இதுக்கும் சீட்டோ? தள்ளுங்கோ நானா!" அக்கா இரண்டு முழங்கைகளாலும் வழி எடுத்துக்கொண்டு வந்து, தன் பட்டியில் கறுப்புச் சிப்பி விழுந்த மற்ற ஆட்டை எனக்கு முன்னால் நிறுத்தினாள். "வாயைத் திறவடா, பாத்துக்கொண்டு நிக்கிறாய்" என்று அதட்டினாள். அதட்டியது ஆட்டையா என்னையா என்று யோசிக்க நேரமில்லை. நான் போத்தலைச் சரித்தேன். ஆடு தலையை உதறி, முதல் வாய் மருந்தை முழுவதும் என் முகத்தில் துப்பியது.

"அளவு குறைஞ்சுபோச்சு. திரும்ப விடு" என்றாள் அக்கா.